டயாப்லோ 2: வெளியே இருக்கும் நண்பரால் ஆட்டத்துக்குள் வர முடியலை, கூட ஆடுபவருக்கு எக்ஸ்பீரியன்ஸ் ஏறலை

எலும்புப்படை:
டயாப்லோ 2-ஓட எக்ஸ்பான்ஷன் (கூடுதல் பாகம்) லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்ஷன், பேட்ச் (பதிப்பு) 1.14டி. மூணு பேர் டிசிபி/ஐபியில் (ஒருத்தர் கம்ப்யூட்டரோடு மத்தவங்க நேரடியா இணையும் முறை) ஆடுறோம், ஹோஸ்ட் (ஆட்டத்தை நடத்துறவர்) நான்தான், என் கேரக்டர் நெக்ரோமான்சர். ஒரே வைஃபையில் இருக்கிற, பார்பேரியனா ஆடுற நண்பர் உடனே சேர்ந்துட்டார். வேற வீட்டில் இருக்கிற, சோர்சரஸா ஆடுற நண்பரால் சேரவே முடியலை. ரவுட்டரில் 4000 போர்ட்டை (வெளி இணைப்பு உள்ளே வர்ற வாசல்) திறந்தாச்சு, பலன் இல்லை. இன்னொண்ணு, நான் கொன்னால் பார்பேரியனுக்கு எக்ஸ்பீரியன்ஸ் வர்றதில்லை. ஆக்ட் 2-ஓட கடைசி அரக்கன் டூரியல் அறைக்குள்ளே போனதுமே ரெண்டு பேரும் செத்துடுறோம். உதவுங்க.

கோலம்:
முதல்ல எளிதானதைப் பாருங்க. மூணு பேருக்கும் ஒரே பேட்ச் இருக்கணும். எக்ஸ்பான்ஷன் கேரக்டர் எக்ஸ்பான்ஷன் ஆட்டத்தில்தான் சேரும். நார்மல் முடிக்காத கேரக்டர் நைட்மேரில் நுழையாது.

அடுத்து ஃபயர்வால். 1.14-இல் நிஜமா ஓடுறது கேம்.எக்ஸி. ஐகானை வச்சு டயாப்லோ லாஞ்சருக்கு மட்டும் அனுமதி கொடுத்துட்டு விட்டுடுறவங்க நிறைய. விண்டோஸ் ஃபயர்வாலில் கேம்.எக்ஸிக்கு பிரைவேட், பப்ளிக் ரெண்டு டிக்கும் போடுங்க.

போர்ட் டிசிபி 4000தானா, ஃபார்வர்ட் பண்ணின உள் முகவரி இன்னும் உங்க கம்ப்யூட்டருடையதுதானா? ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆனா அது மாறிடலாம், அதனால அந்த முகவரியை ரிசர்வ் பண்ணி வைங்க. கடைசியா, ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி (இணைய நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுத்த முகவரி) என்னன்னு சொல்லுங்க.

எலும்புப்படை:
பேட்ச், ஃபயர்வால், உள் முகவரி எல்லாம் சரியா இருக்கு. வான் ஐபி 100.81-இல் தொடங்குது. "என் ஐபி என்ன" தளத்தில் பார்த்தா வேற எண் காட்டுது.

கோலம்:
அப்போ காரணம் அதுதான். 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் சிஜிநாட்டுக்கு ஒதுக்கப்பட்டவை. அதாவது, இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால வச்சிருக்கு. வெளியிலிருந்து வர்ற இணைப்பு அவங்க கருவியிலேயே நின்னுடும், உங்க ரவுட்டரை எட்டாது. அதனால உங்க பக்கம் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. ரெண்டு வழி இருக்கு: நிறுவனத்திடம் பொது ஐபி கேட்டு வாங்கலாம், இல்லேன்னா விர்ச்சுவல் லேன் (வேற வேற வீட்டுக் கம்ப்யூட்டர்களை ஒரே வீட்டு நெட்வொர்க் மாதிரி இணைக்கிறது) போடலாம். ரெண்டாவதையே சொல்வேன், ரவுட்டரைத் தொடவே வேணாம்.

அதுக்கு ராட்மின் விபிஎன் மென்பொருளை மூணு பேரும் போடுங்க. ஒருத்தர் பெயர், பாஸ்வேர்டு வச்சு நெட்வொர்க் உருவாக்க, மத்தவங்க சேரட்டும். ஒவ்வொருத்தருக்கும் 26-இல் தொடங்கும் முகவரி கிடைக்கும். விண்டோஸ் இந்தப் புது நெட்வொர்க்கைப் பப்ளிக்னு வச்சிருந்தா பிரைவேட்டா மாத்துங்க. நீங்க ஹோஸ்ட் பண்ணின பிறகு, சோர்சரஸ் உங்க 26 முகவரியை டைப் பண்ணிச் சேரணும். கேம் திரையில் காட்டுற ஐபியை நம்ப வேணாம், அடாப்டர் பல இருந்தா தப்பானதைக் காட்டும்.

யார் ஹோஸ்ட்டோ அவர் கம்ப்யூட்டர்தான் சர்வர். வைஃபையை விட்டுட்டு கேபிளில் இணையுங்க. ஹோஸ்ட் வெளியேறினா ஆட்டமே முடிஞ்சுடும்.

ஹோலிஷீல்டு:
எக்ஸ்பீரியன்ஸ் பிரச்சினை நெட்வொர்க்கால வந்ததில்லை. டிசிபி/ஐபியில் சேர்ந்த உடனே பார்ட்டி (ஒரே குழு) ஆயிடாது. பி அழுத்தி, பெயருக்கு எதிரே இன்வைட் கொடுக்கணும், அவர் ஏத்துக்கணும். அவங்க முகம் திரையின் இடது ஓரம் வந்தாதான் பார்ட்டி. அது இல்லேன்னா கொன்னவருக்கு மட்டும்தான் எக்ஸ்பீரியன்ஸ். பார்ட்டியில் இருந்தும் ரெண்டு திரை தூரத்துக்கு மேல விலகிப் போனா பங்கு கிடைக்காது. ஒவ்வொரு புது ஆட்டத்திலும் மறுபடி இன்வைட் பண்ணணும். இதை மறந்துதான் குவெஸ்ட் கிரெடிட்டை (பணி முடிச்ச கணக்கை) இழக்கிறாங்க. தங்கம் பார்ட்டிக்குள்ளே தானாப் பிரியும். மத்த பொருள் முதல்ல கிளிக் பண்ணினவருக்குத்தான், அதனால யாருக்கு எதுன்னு முன்னாடியே பேசி வச்சுக்குங்க.

டூரியல் விஷயமும் இங்கேயே ஒட்டுது. கூடுதலா வர்ற ஒவ்வொரு ஆளுக்கும் அரக்கர் உயிர் 50 சதவீதம் ஏறும். மூணு பேர்னா டூரியல் உயிர் ரெண்டு மடங்கு. அறை சின்னது, அவனோட ஹோலி ஃப்ரீஸ் சக்தி எல்லாரையும் மந்தமாக்கும், லோடிங் முடியுறதுக்குள்ளே அவன் அடிக்க ஆரம்பிச்சுடுவான். உள்ளே போறதுக்கு முன்னாடி, அறை திறக்க ஸ்டாஃபை (கோலை) செருகும் இடத்திலேயே டவுன் போர்ட்டல் (ஊருக்குப் போய் வர்ற வாசல்) திறந்து வைங்க. பார்ட்டியில் இருக்கிறவங்களால மட்டும்தான் அதைப் பயன்படுத்த முடியும். செத்தவர் அதே போர்ட்டல் வழியா உடனே திரும்பி வந்து உடலை எடுத்துக்கலாம்.

நுழையுற வரிசை முக்கியம். உயிர் அதிகமுள்ள பார்பேரியன், அடுத்து நீங்க, சோர்சரஸ் கடைசி. பெல்ட் முழுக்க சிவப்பு போஷன். நெக்ரோவுக்கு இங்கே பெரிய ஆயுதம் கிளே கோலம் (மந்திரத்தால அழைக்கிற களிமண் உருவம்): லெவல் 6-லயே கிடைக்கும், அது அடிச்சா டூரியல் மெதுவாயிடுவான். ஒரே ஒரு புள்ளி போட்டாலே வித்தியாசம் தெரியும். நீங்க செத்தா, ஊரிலிருந்து வந்து கோலத்தைத் திரும்ப அழையுங்க. எலும்புக்கூட்டை நம்பியே போகாதீங்க.

எலும்புப்படை:
26 முகவரியில் சோர்சரஸ் வந்துட்டார். மூணு முகமும் இடது ஓரம் தெரியுது, எக்ஸ்பீரியன்ஸும் ஏறுது. கிளே கோலத்தோட டூரியல் விழுந்தான். ஆக்ட் 5-ல வர்ற ஏன்ஷியன்ட்ஸ் (மூணு காவலர்) சண்டைக்கு முன்னாடி கவனிக்க வேண்டியது ஏதாவது இருக்கா?

ஹோலிஷீல்டு:
நார்மலில் மூணு பேரும் லெவல் 20 தொட்டிருக்கணும், லெவல் குறைஞ்சவருக்கு அந்த குவெஸ்ட் முடியாது. சண்டை நடக்கும்போது யாரும் டவுன் போர்ட்டல் திறக்கக் கூடாது; திறந்தா மூணு ஏன்ஷியன்ட்ஸும் சிலையாத் திரும்பி, முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். போஷன் வாங்குறதை, சண்டையைத் தொடங்கி வைக்கிற பலிபீடத்தைத் தொடுறதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க.