மறு: பிரேக்அவே கேபிளுக்குத் தமிழ்ச்சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் இதுவரை பாதுகாப்பு வடம், பிணைப்பு வடம், முறிவுக் கம்பி என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. இங்கிலாந்தில் காரின் பின்னால் கேரவன் (தங்கும் அறையுள்ள இழுவண்டி) இழுக்கும் நம் குடும்பங்களுக்காக நான் எழுதிவரும் கையேட்டில் மூன்றையும் பொருத்திப் பார்த்தேன். முதல் இரண்டையும் ஏற்க மனம் ஒப்பவில்லை. சொல்லழகில் குறையில்லை, அந்தக் கம்பி செய்யும் வேலைக்கு நேர்மாறான பொருளை அவை தருகின்றன.

கேரவனின் முன்புறம், காரை நோக்கி நீளும் ஏர்க்காலுக்கு அடியில், மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று தொங்கும், அதுதான் பிரேக்அவே கேபிள். பெரும்பாலும் சிவப்பு உறை போட்டிருக்கும். சுண்டுவிரல் பருமன்கூட இராது. அதன் ஒரு முனை கேரவனின் கைப்பிரேக்கோடு சேர்ந்தது. மறுமுனையில் உள்ள கொக்கியைக் காரின் பின்னாலுள்ள இழுசட்டத்தில் (டோ பார்) அதற்கென்றே உள்ள வளையத்தில் மாட்ட வேண்டும். ஓட்டத்தில் கேரவன் கழன்றால் கம்பி விறைத்துக் கைப்பிரேக்கை இழுத்துவிடும். பிரேக் பிடித்ததும் கம்பி அறுந்துவிட வேண்டும். அறுவதற்கென்றே செய்த கம்பி அது. ஒன்றரை டன் வண்டியைக் காரோடு பிடித்து வைப்பது அதன் வேலையே இல்லை.

சென்ற கோடையில் ஒரு முகாமில் பெரியவர் ஒருவர் அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் கட்டைவிரல் பருமனுள்ள சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தார். "பாதுகாப்புக் கம்பி என்கிறார்கள், நூல் மாதிரி இருக்கிறதே தம்பி" என்றார். அவர்மேல் தவறில்லை, பெயர் அப்படி. சங்கிலியோடு கேரவன் கழன்றிருந்தால், சக்கரங்கள் இறுகிய வண்டி அறுபடாமல் காரின் பின்னால் இழுபட்டு, காரையும் சேர்த்துப் புரட்டியிருக்கும். அன்று மாலை முழுவதும் எனக்குக் கை நடுங்கியது. ஒரு சொல்லுக்காக நான் இவ்வளவு மன்றாடுவது அதனால்தான்.

முறிவுக் கம்பி உண்மைக்கு அருகில் வருகிறது. ஆனால் 'முறிந்துபோன கம்பி' என்றும் படிக்க இடமிருக்கிறது. என் பரிந்துரை: கழல்தடை வடம். கழலும்போது தடை போடும் வடம்.

மற்ற உறுப்புகளுக்குப் புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை, மாட்டுவண்டி நமக்கு முன்பே கொடுத்துவிட்டது. கேரவனின் மூக்கு, இழுசட்டத்தில் உள்ள உருண்டையான இழுகுண்டின்மேல் அழுத்தும் எடையை முன்பாரம் என்றே எழுதியிருக்கிறேன். இங்கே பொதுவாகச் சொல்லும் அளவு ஏற்றிய எடையில் 5 முதல் 7 விழுக்காடு. 1,300 கிலோ கேரவனுக்கு 65 முதல் 91 கிலோ. காருக்கும் இழுசட்டத்துக்கும் குறித்துள்ள உச்ச அளவை அது தாண்டக் கூடாது. பின்பாரமானால் வண்டி பூட்டாங்கயிற்றை மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இறுக்கும். கேரவனானால் வாலாட்டத் தொடங்கும். கிராமத்தில் வண்டி பார்த்தவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

50 மி.மீ. இழுகுண்டின்மேல் கவிழ்ந்து கவ்வும் தலையைப் பூட்டுக்கிண்ணம் என்கிறேன். பூட்டியதும் பல கிண்ணங்களில் பச்சைக் குறி தெரியும். அதை மட்டும் நம்பிப் புறப்பட வேண்டாம். கேரவனை நிறுத்தும்போது மூக்கைத் தாங்கும் சிறு சக்கரமான முன்தாங்கு சக்கரத்தைத் திருகிக் கேரவனின் மூக்கைச் சற்று உயர்த்துங்கள். காரின் பின்புறமும் சேர்ந்து எழுந்தால் பூட்டு சரியாகக் கவ்வியிருக்கிறது. கிண்ணம் மட்டும் எழுந்தால் கவ்வவில்லை. இதற்கு 'தூக்கிப் பார்த்தல்' போதும் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
லீட்ஸிலிருந்து

---

வணக்கம் ஐயா.

முன்பாரம் அருமை. கழல்தடைக்கு மட்டும் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். தீத்தடுப்பு என்றால் தீயைத் தடுப்பது. அதே பழக்கத்தில் கழல்தடை என்பதைக் கழலாமல் தடுப்பது என்றுதான் எல்லாரும் படிப்பார்கள். அந்தப் பெரியவர் மறுபடி சங்கிலி வாங்கப் போய்விடுவார்.

இங்கே ஆஸ்திரேலியாவில் குழப்பம் இன்னும் கூடுதல். உண்மையிலேயே பிடித்து வைக்கும் சங்கிலியும் சட்டப்படி வேண்டும்: இழுபடும் வண்டியின் எடை 2.5 டன் வரை ஒன்று, அதற்கு மேல் இரண்டு. 2 டன்னைத் தாண்டினால், கழன்றதும் தானே பிரேக் போட்டு, குறைந்தது 15 நிமிடம் விடாமல் பிடிக்கும் அமைப்பும் வேண்டும். ஒரே வண்டியில் இரண்டும் இருப்பதால் பெயர்கள் ஒன்றோடொன்று மோதக் கூடாது. சங்கிலிக்குக் காப்புச் சங்கிலி என்று வைத்தால் சரியாக இருக்கும்.

மெல்பர்னிலிருந்து

---

அம்மா, நீங்கள் சொல்வதே சரி. தடை என்ற சொல் இரண்டு பக்கமும் சாய்வதை நான் கவனிக்கவில்லை. பிரேக் என்பது தமிழில் ஊறிப்போன சொல், அதையே வைத்துக்கொள்வோம். பிரேக் இழுகம்பி. எதை இழுக்கிறது என்பது பெயரிலேயே இருக்கிறது, பிடித்து வைக்கும் என்ற எண்ணத்துக்கு இடமில்லை. 'வடம்' என்றால் தேர்வடம் நினைவுக்கு வந்து தடிமனாகத் தோன்றும், ஆகவே 'கம்பி'.

காப்புச் சங்கிலியையும் எடுத்துக்கொள்கிறேன். இங்கே 750 கிலோவுக்கு உட்பட்ட பிரேக் இல்லாத இழுவண்டிகளுக்கு அதுதான் துணை. கழன்றாலும் ஏர்க்காலின் மூக்கு தரையில் குத்தாத அளவுக்கு அதைக் குட்டையாக மாட்ட வேண்டும்.

கம்பியின் நீளத்தைப் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்: "பிரேக் இழுகம்பி தரையில் உரசக் கூடாது, உரசினால் தேய்ந்து அறும், வளைவில் விறைக்கவும் கூடாது, விறைத்தால் ஓட்டத்திலேயே பிரேக் விழும், முன்தாங்கு சக்கரத்தில் சுற்றிக்கொள்ளாமல் நேராக ஓட வேண்டும்."