மாற்கு சுவிசேஷத்தின் முடிவு பற்றி உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. எங்கள் வேதபாட வகுப்பில் அடுத்த வாரம் மாற்கு 16ஆம் அதிகாரத்தை நான் நடத்த வேண்டும். சிக்கல் 8ஆம் வசனத்தில். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க பைபிள் கையெழுத்துப் பிரதிகளான சினாய்ச் சுவடி, வத்திக்கான் சுவடி இரண்டிலும் மாற்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. இயேசுவின் கல்லறைக்குப் போன பெண்கள் பயந்து ஓடுகிறார்கள், யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, அவ்வளவுதான். நம் கையில் இருக்கும் பைபிளிலோ 20ஆம் வசனம் வரை போகிறது. பாம்பைப் பிடிப்பது, விஷம் குடிப்பது எல்லாம் அதில்தான்.

சரி, யாரோ பின்னால் சேர்த்தார்கள் என்று முடித்துவிடலாம் என்றால், கி.பி. 180 வாக்கிலேயே லியோன் ஆயர் இரேனியுஸ் 19ஆம் வசனத்தை மாற்கின் முடிவு என்று மேற்கோள் காட்டுகிறார். அந்த இரண்டு சுவடிகளையும்விட அது பழையது!

கடைசி ஏடு தொலைந்துபோனது என்கிறார்கள் சிலர். எனக்கென்னவோ மாற்கு வேண்டுமென்றேதான் அப்படி நிறுத்தியிருக்கிறார் என்று படுகிறது. கெத்செமனேயில் சீடர்கள் தூங்குகிறார்கள், பேதுரு மறுதலிக்கிறார், கடைசியில் பெண்களும் ஓடுகிறார்கள். புத்தகம் முழுக்க இதே போக்குதான்.

இறையியல் படித்தவர்கள் யாராவது இருந்தால், இரண்டு பக்க வாதங்களையும் கொஞ்சம் விளக்க முடியுமா? தமிழில் நல்ல விளக்கவுரை இருந்தால் பெயர் சொல்லுங்கள். அப்புறம், வகுப்பில் வயதானவர்கள் நிறைய பேர். அவர்கள் மனம் கலங்காதபடி இதை எப்படித் தொடங்குவது?