பாளையங்கோட்டைக்குக் குடிவருகிறோம், கொஞ்சம் வழி சொல்லுங்கள்

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கோயம்புத்தூரில் 14 வருஷம் ஒரு பில்டரிடம் சைட் சூப்பர்வைசராக இருந்த என் வீட்டுக்காரர் வேலையை விட்டுவிட்டார். பில்லில் 12 எம்எம் என்று எழுதிவிட்டு 10 எம்எம் கம்பியைக் கட்டச் சொன்ன அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவே இல்லை, அப்புறம் மூன்று மாசம் குடும்ப ஜெபத்தில் வைத்துத்தான் சொந்த ஊருக்கே போய் நாமே வீடு கட்டிக் கொடுப்போம் என்று முடிவெடுத்தோம். அத்தை மட்டும், "மாசச் சம்பளத்த விட்டுட்டா வாரிய?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் வேலை மானூர் தாண்டி ஒரு கரிசல் மனை. மழைக்கு உப்பி வெயிலுக்கு வெடிக்கிற மண் என்பதால்தான் பயம். அந்தப் பக்கம் கட்டியவர்கள் அஸ்திவாரம் எத்தனை அடி தோண்டினீர்கள், பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) போட்டீர்களா, இல்லை கிராவல் நிரப்பியே சமாளித்தீர்களா?

2500 சதுர அடி வரை மனை, 3500 சதுர அடி வரை கட்டடம் என்றால் சுயசான்றில், அதாவது விதிப்படி கட்டுகிறோம் என்று நாமே உறுதி கொடுத்து, ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாமே, நம் மாநகராட்சிக்குள் அப்படி வாங்கியவர்கள் எத்தனை நாளானது என்று சொல்லுங்கள். கைக்காசு கொடுத்து நகர்த்துவதில்லை என்று இருக்கிறோம், அதனால் கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது, சனி சாயங்காலமே கூலி. இதற்கு ஒத்துவருகிற கொத்தனார், சித்தாள் தெரிந்தால் இன்பாக்ஸில் வாருங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் ஏறாத தெருவில் வாடகை வீடும் வேண்டும், மே மாசத்துக்குள்.