ஈ.பி.எப். உள்ள 140,000 ரூபாயா, இல்லாத 165,000 ரூபாயா?

நெய்தல்29 கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் உப்புவெளியில் வசிக்கிறேன். கொழும்பிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சோதனைப் பிரிவில், 2021 ஏப்ரல் மாதம் தொடக்கம் நிரந்தர ஊழியராக வீட்டிலிருந்தே வேலை செய்து வருகிறேன். மாதச் சம்பளம் 140,000 ரூபாய். அதில் தனியான படிகள் எவையும் இல்லை. முழுவதும் அடிப்படைச் சம்பளமே. ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எப்.) என் பங்கான 8 வீதம் கழிந்த பிறகு 128,800 ரூபாய் கைக்கு வருகிறது. நிறுவனத்தில் ஏறத்தாழ அறுபது பேர் இருக்கிறோம்.

இந்த நவம்பர் மாதம் நிர்வாகத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பிறகு சோதனை வேலையின் அளவு மாதத்துக்கு மாதம் மாறுகிறது என்றும், ஆகவே விரும்புகிறவர்கள் வேலையை இராஜினாமா செய்துவிட்டு ஜனவரி முதலாம் திகதி தொடக்கம் சுயாதீன ஒப்பந்ததாரராகச் சேரலாம் என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். அப்படிச் சேர்ந்தால் மாதம் 165,000 ரூபாய் தருவார்கள். ஈ.பி.எப்., ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) இரண்டும் இல்லை, மருத்துவக் காப்புறுதி இல்லை, வேலை செய்யாத நாளுக்குப் பணமும் இல்லை.

கையில் 36,200 ரூபாய் கூடுதலாக வரும் என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. கன்னியா வீதியில் ஒரு துண்டுக் காணி வாங்கி வைத்திருக்கிறோம். வீட்டுக்கு அத்திவாரம் போட வேண்டும். திருமணமாகி ஒரு வருடம் ஆகிறது. "ஐம்பது வயதில் வரப்போகும் காசை நம்பி இப்போது கஷ்டப்படுவதா?" என்று கணவர் கேட்கிறார். அப்பா இதற்கு நேர்மாறாக, ஈ.பி.எப். இல்லாத வேலை வேலையே அல்ல என்கிறார். மறுத்தால் என்னை நிறுத்திவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. இத்தகைய நிலையில் இருந்தவர்கள் அல்லது கணக்கு விடயங்கள் தெரிந்தவர்கள் உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள்.

பேரேடு எழுதியது:

தங்கச்சி, நான் திருகோணமலையில் ஒரு தனியார் நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். முதலில் அந்த 36,200 ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம்.

அதில் 11,200 ரூபாய் உங்கள் சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்டு உங்கள் பெயரிலேயே சேரும் பணம். முதலாளி தன் பங்காகச் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் செலுத்துகிறார். அவை முறையே 16,800 ரூபாயும் 4,200 ரூபாயும் ஆகும். இவை மூன்றையும் கூட்டினால் 32,200 ரூபாய் வருகிறது. இன்றைக்கும் உங்களுடையதாகவே இருக்கும் பணத்தைத்தான் பாதை மாற்றிக் கையில் தருகிறார்கள். உண்மையான கூடுதல் மாதம் 4,000 ரூபாய் மாத்திரமே.

இனிப் பணிக்கொடையைப் பாருங்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்த ஊழியர் விலகும்போது, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தின் அரை மாத அளவைப் பெற உரித்துடையவர். உங்களுக்கு அது வருடத்துக்கு 70,000 ரூபாய், மாதக் கணக்கில் 5,833 ரூபாய். அதைக் கழித்தால் அந்த 4,000 ரூபாயும் மறைந்து, மேலும் 1,833 ரூபாய் குறைகிறது.

ஆனால் இதைவிடப் பெரிய விடயம் ஒன்று உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் சேர்ந்தது 2021 ஏப்ரலில். அப்படியானால் ஐந்து வருடம் பூர்த்தியாவது 2026 ஏப்ரலில். ஜனவரி முதலாம் திகதி ஒப்பந்தத்துக்கு மாற டிசம்பரில் இராஜினாமாக் கடிதம் கொடுத்தால், இன்னும் நான்கு மாதத்தில் கிடைக்கவேண்டிய 350,000 ரூபாய்ப் பணிக்கொடையை நீங்களே கைவிட்டவராவீர்கள். வேறு எதைத் தீர்மானித்தாலும் சரி, ஏப்ரலுக்கு முன் எந்தக் கடிதத்திலும் கையொப்பம் வைக்க வேண்டாம்.

அடுத்தது வரி. 2025 ஏப்ரல் தொடக்கம் வருடத்துக்கு 1,800,000 ரூபாய் வரையான வருமானத்துக்கு விலக்கு உண்டு. ஆகையால் 140,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு நீங்கள் வரி கட்டுவதில்லை. ஒப்பந்ததாரராக 165,000 ரூபாய் பெற்றால் வருட வருமானம் 1,980,000 ரூபாயாகும். விலக்குக்கு மேற்பட்ட 180,000 ரூபாய்க்கு 6 வீதம் என்றால் 10,800 ரூபாய்தான் வரி. அது பெரிய தொகையல்ல. சிரமம் வேறிடத்தில் இருக்கிறது. மாதம் 100,000 ரூபாய்க்கு மேல் சேவைக் கட்டணம் பெறும் மென்பொருள் துறையினருக்கு, பணம் செலுத்துபவர் 5 வீதத்தைப் பிடித்துவைத்து இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டும். மாதம் 8,250 ரூபாய் வீதம் வருடத்துக்கு 99,000 ரூபாய் உங்கள் கைக்கு வராமலே போகும். வரி அறிக்கை சமர்ப்பித்து மிகுதியை நீங்களேதான் மீளக் கோர வேண்டும். ஆகவே அத்திவாரத்துக்கு என்று நீங்கள் எண்ணியிருக்கும் மாதக் காசு 165,000 அல்ல, 156,750 ரூபாய்.

விடுமுறையையும் மறந்துவிடாதீர்கள். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருடாந்த விடுமுறை 14 நாளும் திடீர்த் தேவைக்கான அமைய லீவு 7 நாளும் சம்பளத்துடன் உண்டு. ஒப்பந்தத்தில் அந்த 21 நாளும் உங்கள் சொந்தச் செலவு. திருமணமாகி ஒரு வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் ஒரு அக்காவாக இதையும் சொல்கிறேன்: மகப்பேற்று விடுமுறை 84 நாள், அதுவும் வார விடுமுறைகளும் போயா தினங்களும் சேராத 84 நாள், சம்பளத்துடன் உங்களுக்கு இருக்கிறது. ஒப்பந்தத்தாளில் கையெழுத்து வைத்த அன்றே அது இல்லாமற் போய்விடும். என் இரண்டாவது பிள்ளை ஏழாம் மாதத்தில் பிறந்து, இருபத்திரண்டு நாள் வைத்தியசாலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தபோது, சம்பளம் வழமைபோல வங்கிக்கு வந்துகொண்டிருந்தது என்ற ஒரே காரணத்தால்தான் நான் காசைப் பற்றி யோசிக்காமல் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்க முடிந்தது.

நிலாவெளிக்காரன் எழுதியது:

பேரேடு அக்காவின் கணக்கில் பிழையில்லை. ஆயினும் ஆறு வருடமாக வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குச் சுயாதீனமாக வேலை செய்பவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன்.

சேமலாப நிதியில் இருக்கும் பணம் பத்திரமானது என்று நம் பெற்றோர் நம்பினார்கள். 2022இல் நடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அவ்வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. அதே வருடத்துக்குச் சேமலாப நிதி கொடுத்த வட்டி 9 வீதம். மறுவருடம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது, நிதியத்திடமிருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசின் கடன் பத்திரங்களை, குறைந்த வட்டியுள்ள நீண்டகால முறிகளாக மாற்ற வேண்டியதாயிற்று; அங்கத்தவர் எவரிடமும் சம்மதம் கேட்கவில்லை. 2023இல் 13 வீத வட்டி கிடைத்தது என்பது உண்மைதான், ஆனால் அதே வருடத் தொடக்கத்தில் நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் கொடுத்த வங்கிகள் இருந்தன. பணம் தன் கையில் இருந்தவனுக்குத் தீர்மானிக்கும் உரிமை இருந்தது. நிதியத்தில் இருந்தவனுக்கு அது இருக்கவில்லை.

இருந்தாலும் உங்களுக்கு வந்திருக்கும் அழைப்பை நான் ஏற்கமாட்டேன். சுயாதீனமாக வேலை செய்வதன் பயன், நான்கு வாடிக்கையாளரை வைத்திருக்க முடிவதும் விலையை நானே சொல்ல முடிவதும்தான். ஒரே நிறுவனத்துக்கு, அவர்கள் குறிக்கும் நேரத்தில், அவர்கள் குறிக்கும் விலைக்கு வேலை செய்வதென்றால் அது பழைய வேலைதான். பாதுகாப்பு மட்டும் கழன்றுவிட்டது. அத்துடன், வேலையின் அளவு குறையலாம் என்று நிர்வாகமே எழுதியிருக்கிறது. குறைந்தால் வரும் நட்டத்தை இன்றைக்கு நிறுவனம் சுமக்கிறது, நாளைக்கு நீங்கள் சுமப்பீர்கள். அந்தச் சுமை மாற்றத்துக்கு அவர்கள் தர முன்வந்திருக்கும் விலை, அக்காவின் கணக்குப்படி, சுழியத்துக்கும் கீழே இருக்கிறது.

செலவுகளையும் எண்ணுங்கள். மாரி தொடங்கியதிலிருந்து எங்கள் பக்கம் மின்சாரம் நின்று நின்று வருகிறது. போன மாதம் உப்புக் காற்றில் பச்சை பூத்துப்போன இணைப்பு முனையைச் சுரண்டித் துடைத்து மீண்டும் பொருத்தும் வரை இரண்டு நாள் எனக்கு இணையம் இல்லை. அந்த இரண்டு நாளுக்கும் எனக்கு யாரும் பணம் தரவில்லை. மடிகணினி பழுதானால் அதுவும் நம் தலையில்தான். உண்மையிலேயே மாற விரும்பினால், உங்கள் விலை 200,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. 140,000 சம்பளம், 21,000 முதலாளி பங்கு, 5,833 பணிக்கொடை, சம்பளத்துடனான 21 நாளின் பெறுமதி மாதத்துக்கு ஏறத்தாழ 11,000 என்று கூட்டினாலே 178,000 ரூபாயைத் தொடுகிறது. காப்புறுதியும் இணையமும் ஆபத்துக்கான கூலியும் அதற்கு மேல்.

பாலையூற்றான் எழுதியது:

மகள், நான் ஓய்வு பெற்றவன். சீனக்குடாப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருடம் வேலை செய்தேன். நிலாவெளித் தம்பி சொன்ன 2022ஐ நானும் அனுபவித்தேன், அதை மறுக்கவில்லை. ஆனால் கையில் வந்த காசு கையில் நிற்பதில்லை என்பதையும் கண்டவன். பிள்ளைகளின் படிப்பு, தங்கையின் கலியாணம், அம்மாவின் கண் சத்திரசிகிச்சை என்று ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் வந்தது. எட்ட முடியாத இடத்தில் இருந்த சேமலாப நிதி ஒன்றுதான் தப்பியது. ஆண்களுக்குரிய ஐம்பத்தைந்து வயதில் அந்தப் பணத்தை எடுத்துத்தான் ஓட்டுக் கூரையை இறக்கி வீட்டுக்குத் தட்டுப் போட்டேன். அந்தத் தட்டின் கீழே இருந்துதான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொல்ல வேண்டியது வேறொன்று. அந்தத் தொழிற்சாலைக்கு முன் நான் வேலை செய்த ஓரிடத்தில், சம்பளத்தில் 8 வீதத்தைக் கழித்துக்கொண்டே பதினான்கு மாதம் நிதியத்துக்கு ஒரு சதமும் கட்டாமல் விட்டிருந்தார்கள். சேமலாப நிதிக் கணக்குக் கூற்றையும் சம்பளச் சீட்டுகளையும் ஒருநாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் மாதம் மாதமாகத் தொட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சம்பளச் சீட்டுகளை ஒரு பிஸ்கட் தகர டப்பாவில் என் மனைவி சேர்த்து வைத்திருந்தார். அவற்றைத் தொழில் அலுவலகத்தில் காட்டி முறையிட்ட பின்புதான் கட்டினார்கள். நீங்களும் இந்தச் சந்தர்ப்பத்தில் உங்கள் கூற்றை எடுத்து, ஒவ்வொரு மாதத்துக்கும் 28,000 ரூபாய் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சம்பளம் குறைவாக இருந்த முந்திய வருடங்களுக்கு அன்றைய சம்பளத்தின் 20 வீதம் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு என்று சொன்னீர்கள். பத்து வருடம் பங்களிப்புச் செய்து, கணக்கில் குறைந்தது 300,000 ரூபாய் வைத்திருக்கும் அங்கத்தவர், வீட்டுத் தேவைக்கு 30 வீதத்தை முன்கூட்டியே எடுக்கலாம். உங்கள் கணவர் நினைப்பதுபோல ஐம்பது வயது வரை முழுவதும் பூட்டிக் கிடப்பதில்லை. நீங்கள் பாதித் தூரம் வந்துவிட்டீர்கள்.

நெய்தல்29 எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. பணிக்கொடை பற்றி எனக்குத் தெரியவே தெரியாது. நேற்றிரவு நியமனக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். சேர்ந்த திகதி 2021 ஏப்ரல் 19 என்று இருக்கிறது. பேரேடு அக்காவின் கணக்கைத் தாளில் எழுதிக் கணவருக்குக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, 4,000 ரூபாய் என்ற இடத்தில் வட்டம் போட்டார்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. நான் மறுத்தால் என்னை வேலையிலிருந்து நிறுத்த அவர்களால் முடியுமா?

பேரேடு எழுதியது:

நினைத்தவுடன் முடியாது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலை முடிவுறுத்தல் சட்டம், பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பொருந்தும். ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதானால், அவருடைய எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ வேண்டும். "விரும்புகிறவர்கள் இராஜினாமா செய்யலாம்" என்று மின்னஞ்சலில் எழுதியிருப்பதை இந்தச் சட்டத்தோடு சேர்த்து வாசியுங்கள். நீங்களாக இராஜினாமா செய்தால் அந்த அனுமதியைக் கேட்கவேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

அந்த மின்னஞ்சலை அழிக்காமல் உங்கள் சொந்த முகவரிக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். மறுமொழியைத் தொலைபேசியில் சொல்லாமல் எழுத்தில் கொடுங்கள்: இப்போதைய நியமனத்திலேயே தொடர விரும்புகிறேன் என்ற ஒரு வரி போதும், காரணம் எழுத வேண்டியதில்லை. ஏப்ரல் 19 கழிந்த பிறகும் ஒப்பந்தத்தில் விருப்பம் இருந்தால், நிலாவெளித் தம்பி சொன்ன 200,000 ரூபாயிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.

நெய்தல்29 எழுதியது:

சரி அக்கா. அந்த ஒரு வரியை இன்று காலை அனுப்பிவிட்டேன். கணக்குக் கூற்றுக்கும் விண்ணப்பிக்கப் போகிறேன். சம்பளச் சீட்டுகளில் 2022 ஜூன் மாதத்தையது மட்டும் காணவில்லை, அதைக் கணக்குப் பிரிவில் கேட்டிருக்கிறேன்.