மறு: ‘கிரஷ் டெப்த்’ – தமிழில் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுப் பட்டறையில் தாங்களே நீர்மூழ்கி கட்டுகிறவர்களைப் பற்றிய கட்டுரைக்காக நான் கேட்ட சொற்களில் ‘கிரஷ் டெப்த்’ மட்டும் இன்னும் இழுபறியில் இருக்கிறது. நீரின் அழுத்தம் தாங்காமல் நீர்மூழ்கியின் உடல் சிதைந்துபோகிற ஆழம் அது. அதற்கு இதுவரை வந்த பரிந்துரைகள் உள்வெடிப்பாழம், நசுங்காழம், நொறுங்காழம், முறிவாழம், நொறுங்கெல்லை.

உள்வெடிப்பை முதலில் கழித்துவிடலாம். 2023 ஜூனில் டைட்டன் என்ற நீர்மூழ்கி அழிந்தபோது செய்திகளில் ஓடிய சொல் அது. ஆனால் அங்கே எதுவும் வெடிக்கவில்லை, வெளியே இருந்த நீர்தான் கலத்தை உள்ளே தள்ளியது. ஆழத்தின் பெயரில் வெடிப்பு வந்தால் படிப்பவர் பேட்டரியைத்தான் சந்தேகிப்பார்.

நசுங்குவது தக்காளி. நீர்மூழ்கியின் உடலான எஃகு உருளை அப்படிப் போவதில்லை. அதன் வட்டம் எங்காவது கொஞ்சம் கோணியிருந்தால், பித்தளைக் குடத்தில் விழுவது போல அங்கே ஒடுக்கு விழும். விழுந்த நொடியில் மீதிச் சுவரும் மடிந்துவிடும். எஃகின் வலிமை முழுதும் செலவாகும் முன்பே இது நடந்துவிடலாம். உருளைக்குள் வளையச் சட்டங்கள் வைத்துப் பற்றவைப்பது அதைத் தடுக்கத்தான். (இப்படி மடிவதை ஆங்கிலத்தில் ‘பக்ளிங்’ என்பார்கள். அதற்கு ‘ஒடுக்கு’ என்றே வைத்துவிடலாம் என்பேன், அதைத் தனி இழையில் பேசுவோம்.) டைட்டனின் கார்பன் இழை உருளையோ துண்டு துண்டாகிப் போனது. இரண்டுக்கும் ஓரளவு பொருந்துவது நொறுங்குதல்தான்.

ஆனால் தயவுசெய்து நொறுங்காழம் என்று சேர்த்து எழுதாதீர்கள். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாம் நினைப்பது நொறுங்கு + ஆழம். கேட்பவர் காதில் விழுவது ‘நொறுங்கா ஆழம்’. உகரம் கெட்டு ஆகாரம் ஏறியதும் எதிர்மறைப் பெயரெச்சத்தின் உருவம் வந்து, பொருள் தலைகீழாகிவிடுகிறது. நசுங்காழத்துக்கும் இதே கதிதான். வேறு துறை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம்.

இங்கே முடியாது. ஓய்வுபெற்ற அமெரிக்கக் கடற்படை கேப்டன் ஜார்ஜ் கிட்ரெட்ஜ் வடிவமைத்த ஒற்றை ஆள் நீர்மூழ்கியின் பெயர் கே-250. அந்த எண் 250 அடி, அதாவது சுமார் 76 மீட்டர்: போகலாம் என்று அனுமதித்த ஆழம். அங்கேயே 30 செ.மீ. விட்டமுள்ள பார்வைச் சாளரத்தின் மேல் ஐந்து டன்னுக்கு மேல் சுமை ஏறும். கலத்தின் மேல் எழுதும் எண் எப்போதும் இந்த அனுமதி ஆழமாக இருக்க வேண்டும். நொறுங்குவதன் கணக்கு வரைபடத்தோடு இருக்கட்டும். அதுவும் கணக்குதானே, பற்றவைப்பில் ஒரு பிசகு இருந்தால் கணக்கில் உள்ளதைவிடக் குறைந்த ஆழத்திலேயே கலம் நொறுங்கிவிடும்.

அப்புறம் ‘டெஸ்ட் டெப்த்’. சோதனை ஆழம் என்று போன வாரம் முடிவு செய்தோம், அதையும் திறக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்கக் கடற்படையில் அந்தச் சொல்லுக்கு, அமைதிக் காலத்தில் கப்பல் ஆட்களோடு போகலாம் என்று அனுமதித்த அதிகபட்ச ஆழம் என்று பொருள். 1963-ல் 129 பேரோடு மூழ்கிய அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கி திரெஷர், அந்த ஆழத்துக்குச் சோதனை முழுக்குப் போனபோதுதான் தொலைந்தது. வீட்டில் கட்டுகிறவர்கள் சொல்வது வேறு: ஆளே இல்லாமல் கலத்தைக் கயிற்றில் கட்டி, அனுமதி ஆழத்தையும் தாண்டி இறக்கி, மேலே எடுத்துக் கசிவு பார்க்கிற ஆழம். ஒரே சொல்லில் ஒருவர் ஆளை உள்ளே வைக்கிறார், இன்னொருவர் வெளியே நிறுத்துகிறார். எனவே ‘ஆளில்லாச் சோதனை ஆழம்’ என்று நீட்டியே எழுதுவோம்.

முறிவாழம் என்றால் எலும்பு நினைவுக்கு வருகிறது. நொறுங்கெல்லை எனக்கும் பிடித்திருந்தது, ஆனால் வேக எல்லை என்பது போல, அதுவரை போகலாம் என்று தொனிக்கிறது. ஆகவே என் வாக்கு ‘நொறுங்கும் ஆழம்’, இரண்டு சொல்லாகவே. அட்டவணைத் தலைப்பில் இடம் போதாது என்று ஒருவர் எழுதியிருந்தார். எழுத்தைச் சிறிதாக்கிக்கொள்ளலாம்.