கருவாலி மரத்தைக் கொல்லும் வண்டுக்கு ஒரு பெயர்

வணக்கம்.

கலிபோர்னியாவில் கருவாலி (ஓக்) மரங்களை அழித்துவரும் வண்டுக்குத் 'தங்கப்புள்ளி ஓக் துளைப்பான்' என்ற பெயர் முன்வைக்கப்பட்டிருக்கிறது. பொருள் விளங்குகிறது என்றாலும், அதன் சொல்வரிசையில் எனக்கு உடன்பாடில்லை. படிப்பவர் புள்ளிகள் மரத்துக்குரியவை என்றே கொள்ள இடமிருக்கிறது. அந்த ஆறு பொன்னிறப் புள்ளிகளும் இருப்பதோ, ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் நீளமுள்ள வண்டின் முன்சிறகுகளில். 'தென்னைச் சிவப்புக் கூன்வண்டு' என்னும் வேளாண் வழக்கில் பயிர் முதலிலும் பூச்சியின் அடையாளம் அடுத்தும் வருவதால், சிவப்பு எதனுடையது என்ற ஐயமே எழுவதில்லை. அந்த வரிசையையே இங்கும் பின்பற்றி, 'கருவாலிப் பொற்புள்ளித் துளைப்பான்' என்று வைக்கலாம். விவிலியத் தமிழில் 'கர்வாலி' என்று நெடுங்காலமாக வழங்கிவரும் மரப்பெயர் இருக்க, 'ஓக்' தேவையில்லை.

'துளைப்பான்' பொருந்துமா என்ற கேள்வி நியாயமானது. இதன் புழு மரத்தின் வைரத்துக்குள் ஆழமாகச் செல்வதில்லை; பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள வளர்படலத்தை ஒட்டி வளைந்து வளைந்து அரித்துச் செல்வதால், நீரும் உணவும் செல்லும் வழிகள் அறுபட்டு, சில ஆண்டுகளில் மரம் பட்டுப்போகிறது. அந்த வகையில் 'குடைதல்' நெருக்கமான வினைதான். ஆனால் 'குடைவண்டு' என்றதும் கைக்குடைதான் நினைவுக்கு வரும். மேலும், வளர்ந்த வண்டு வெளியேறும்போது பட்டையில் விட்டுச்செல்லும் துளை, ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் வளைந்தும் அரைநிலா வடிவில், 3 முதல் 4 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கும். மரத்தருகே நிற்பவர் கண்ணுக்குப் புலப்படும் அடையாளம் அதுவே என்பதால் 'துளைப்பான்' நிலைக்கட்டும்.

பெயரில் 'வண்டு' இல்லாததையும் நான் குறையாகக் கருதவில்லை; இது பரவிய விதமே அதற்குக் காரணம். அரிசோனாவின் தென்கிழக்கைத் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி 2004இல் கலிபோர்னியாவின் சான் டியேகோ வட்டாரத்தில் கண்டறியப்பட்டது. அங்கே கருவாலிகள் பெருமளவில் மடிவதற்கு இதுவே காரணம் என்பது 2008இல்தான் தெரியவந்தது. விறகோடுதான் வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. விறகின் பட்டைக்கடியில் மறைந்து பயணிப்பது பெரும்பாலும் புழுவே. வண்டை மட்டும் தேடுபவர் அதைக் காணாமலே விட்டுவிடுவார்.

புழு அரித்த வழிக்குப் 'புழுத்தடம்' என்றும், அரைநிலாத் துளைக்கு 'வெளியேறு துளை' என்றும் சொற்களைச் சேர்த்தே முடிவுசெய்யுமாறு வேண்டுகிறேன்.