டிராஃபிக்ல மட்டும் இன்ஜின் ஹீட் ஆகுது, ஹைவேல ஒண்ணும் இல்ல. ஹெட் கேஸ்கெட்டா?

குரோம்பேட்டை கார்த்தி:
எல்லாருக்கும் வணக்கம், அவசரமா ஒரு உதவி வேணும். 2013 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 90,000 கி.மீ. கிட்ட ஓடியிருக்கு. செங்கல்பட்டு தாண்டி 90, 100ல மணிக்கணக்கா போனாலும் டெம்பரேச்சர் முள்ளு பாதிய தாண்டறதில்ல, ஆனா சாயந்தரம் பல்லாவரம் பக்கம் ஜிஎஸ்டி ரோட்ல ஊர்ந்துட்டு இருக்கும்போது மெதுவா ஏறி ஹெச் வரைக்கும் போயிடுது, ஓரங்கட்டி ஆறவிட்டா மறுபடி நல்லா ஓடுது. கூலண்ட் அளவு குறையல, கீழ சொட்டவும் இல்ல. பக்கத்துல ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினா ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேல இருக்கற ஹெட்டுக்கும் நடுவுல உள்ள சீல்) போயிருக்கும், ஹெட்ட இறக்கணும், 20,000 கிட்ட ஆகும்ங்கறாங்க. அம்மாவ வாராவாரம் ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போகணும், வண்டி இல்லாம முடியாது. நெஜமாவே ஹெட் கேஸ்கெட்தானா?

சேலம் டிரைவர்:
ப்ரோ தெர்மோஸ்டாட் வால்வ (இன்ஜின் சூடானதும் திறந்து கூலண்ட்ட ரேடியேட்டருக்கு விடறது) கழட்டி எறிஞ்சுட்டு ஓட்டுங்க, நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையே இல்ல. நான் அப்படித்தான் ஓட்டறேன்.

மதுரை வேலு:
தம்பி, ஹெட்ல யாரையும் கை வைக்க விடாதீங்க. தெர்மோஸ்டாட் மாட்டிக்கிட்டு திறக்கலன்னா ஹைவேலதான் முதல்ல ஹீட் ஆகும், அங்க இன்ஜினுக்கு வேலை அதிகம். உங்களுக்கு ஓடறப்ப நல்லா இருக்கு, நின்னா ஏறுது. வண்டி ஓடும்போது காத்து தானா ரேடியேட்டர் வழியா போகும், நின்னா ஃபேன்தான் இழுக்கணும், அதனால முதல் சந்தேகம் ஃபேன் மேலதான். வால்வ கழட்டறது வேணாம், இன்ஜின் சூடாக நேரமாகும், மைலேஜும் அடிபடும்.

ஒண்ணு சொல்லுங்க, டிராஃபிக்ல ஏசி கூலிங் எப்படி இருக்கு? ஏசி சூட்ட வெளிய விடற கண்டென்சரும் ரேடியேட்டருக்கு முன்னாடிதான் இருக்கு, ரெண்டுக்கும் அதே ஃபேன் காத்துதான்.

குரோம்பேட்டை கார்த்தி:
அண்ணே கரெக்டா கேட்டீங்க, சிக்னல்ல நின்னா ஏசில வெறும் காத்துதான் வருது, வண்டி நகர்ந்தா ஜில்லுனு ஆயிடுது. கேஸ் கம்மியா இருக்கும்னு விட்டுட்டோம்.

மதுரை வேலு:
அப்ப ஃபேனேதான். நாளைக்கு காலைல இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி ஏசி போட்டு பானெட்ட தூக்கிப் பாருங்க, கொஞ்ச நேரத்துல ஃபேன் ஓடணும். ஓடலன்னா ஃபியூஸ பாருங்க, அப்புறம் ஃபேன் ரிலேவ (ஃபேனுக்கு கரண்ட் விடற சுவிட்ச்) எடுத்துட்டு அதே பாக்ஸ்ல இருக்கற அதே நம்பர் போட்ட வேற ரிலேவ மாத்திப் போட்டுப் பாருங்க, செலவே இல்லாத டெஸ்ட். அதுலயும் ஓடலன்னா ஒரு நீளமான குச்சியால மோட்டார் பின்பக்கம் லேசா தட்டுங்க, தட்டினதும் ஓட ஆரம்பிச்சா உள்ள கார்பன் பிரஷ் தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். கை மட்டும் கிட்ட கொண்டு போகாதீங்க, ஃபேன் எப்ப வேணா சுத்தும், சில வண்டில சாவிய எடுத்த பிறகும் சுத்தும். சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியையும் தொடாதீங்க, உள்ள பிரஷர்ல நிக்கற தண்ணி திறந்த உடனே கொதிச்சு மூஞ்சிலேயே அடிக்கும், இத நான் நேர்ல பார்த்திருக்கேன்.

திருச்சி நிஷா:
ஹெட் கேஸ்கெட் பயம் இருந்தா இதையும் பாருங்க கார்த்தி. ஆயில் மூடிக்கு அடியில பால் காபி மாதிரி கொழகொழன்னு இருக்கா, ரிசர்வ் டேங்க்ல விடாம முட்டை முட்டையா வருதா, லீக் இல்லாமலே கூலண்ட் குறையுதா. எதுவும் இல்லன்னா ஹெட்ட இறக்கச் சொல்ல காரணமே இல்ல. அப்பவும் சந்தேகம்னா ரேடியேட்டர் வாயில வச்சுப் பார்க்கற கேஸ் லீக் டெஸ்ட் ஒண்ணு இருக்கு, இன்ஜின் புகை கூலண்ட்ல கலந்தா அதுல இருக்கற நீல கலர் தண்ணி மஞ்சளாயிடும். அத செஞ்சு காட்டிட்டு பேசுங்கன்னு தைரியமா கேளுங்க.

குரோம்பேட்டை கார்த்தி:
அண்ணே, தட்டினதும் சடக்குனு சுத்த ஆரம்பிச்சிடுச்சு!! ஃபியூஸ், ரிலே ரெண்டும் ஓகே, ஆயில் மூடியும் சுத்தமா இருக்கு. எலக்ட்ரீஷியன் ஒருத்தர வச்சு வேற மோட்டார் போட்டாச்சு, வயர மாட்டற கப்ளர் உருகி கருத்துப் போயிருந்ததால அத வெட்டிட்டு வயர நேரா ஜாயின்ட் பண்ணிட்டார். ஆனா இப்ப ஒரு புதுக் குழப்பம், ஃபேன் வேகமா ஓடுது, சிக்னல்ல நின்னா பழைய அளவுக்கு ஏறல, ஆனா 20, 30ல ஊர்ந்தா முள்ளு பாதிய தாண்டி ஏறுது. திரும்பவும் கேஸ்கெட் பேச்சு ஆரம்பிச்சுட்டாங்க.

மதுரை வேலு:
வயர வெட்டி ஜாயின்ட் பண்ணினார்னு சொன்னதும் எனக்கு பொறி தட்டுது. ஏசி போட்டு ஃபேன் ஓடும்போது வண்டிக்கு முன்னாடி நின்னு கிரில்கிட்ட ஒரு நோட்டு பேப்பர பிடிங்க. பேப்பர உள்ள இழுத்து ஒட்டிக்கணும். வெளிய தள்ளினா பிளஸ் மைனஸ் மாறிப் போயிருக்கு, ஃபேன் தலைகீழா சுத்துது. மெதுவா போகும்போது முன்னாடியிருந்து வர்ற காத்தும் ஃபேன் தள்ற காத்தும் ஒண்ண ஒண்ணு மோதி நின்னுடும், ரேடியேட்டருக்கு ஒண்ணும் கிடைக்காது, அதனாலதான் நிக்கறதவிட ஊர்றப்ப ஏறுது.

குரோம்பேட்டை கார்த்தி:
பேப்பர் பறந்து என் மூஞ்சிலேயே அடிச்சுது அண்ணே. ரெண்டு வயரையும் மாத்தி, இந்த தடவை புது கப்ளரே போட்டாச்சு. இன்னைக்கு சாயந்தரம் பல்லாவரத்துலேர்ந்து கிண்டி வரைக்கும் அதே நெரிசல், ஏசி போட்டுட்டு போனோம், முள்ளு பாதியிலேயே நின்னுது, அம்மாவும் ஜில்லுனு இருக்குன்னு சொன்னாங்க. உங்க ரெண்டு பேருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. கூலண்ட் மட்டும் துரு கலர்ல இருக்கு, ஒர்க்‌ஷாப்ல போர் தண்ணி ஊத்தியிருப்பாங்க போல, மாத்தணுமா?

திருச்சி நிஷா:
கண்டிப்பா மாத்துங்க. போர் தண்ணில இருக்கற உப்பு ரேடியேட்டர் டியூப் உள்ள படிஞ்சு அடைச்சுக்கும், அப்புறம் எந்த ஃபேன் போட்டும் பிரயோஜனம் இல்ல. மொத்தமா வடிச்சு டிஸ்டில்டு வாட்டர்ல அலசிட்டு, கம்பெனி புக்ல போட்டிருக்கற கூலண்ட்ட பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஊத்துங்க, ரெடி மிக்ஸ்னா தண்ணியே சேர்க்காதீங்க. ஊத்தின பிறகு ஹீட்டர ஃபுல்லா திறந்து வச்சு ஃபேன் ஒரு தடவை ஓடற வரைக்கும் இன்ஜின ஓடவிடுங்க, உள்ள நிக்கற காத்து வெளிய வந்துடும். மறுநாள் காலைல ஆறின இன்ஜின்ல அளவு பார்த்து, குறைஞ்சிருந்தா மட்டும் ரொப்புங்க.